சாமந்தியைத் தூங்க விடுங்கள்

கேள்வி: போன செப்டம்பரில் லண்டனில் இருக்கும் என் தங்கை வீட்டுக்குப் போயிருந்தேன் அக்கா. தோட்டம் முழுக்க ஆஸ்டர், ஜப்பானிய அனிமோன், ருட்பெக்கியா, சாமந்தி. கோடை முடிகிற நேரத்தில் பூக்கும் செடிகளாம். இதில் எதெல்லாம் சிங்கப்பூரில் என் அடுக்குமாடி வீட்டுத் தாழ்வாரத்தில் வரும்? சீனப் புத்தாண்டுக்கு வாங்கிய சாமந்தித் தொட்டி ஒன்று ஏற்கெனவே இருக்கிறது. இருந்த பூ உதிர்ந்த பிறகு எட்டு மாதமாக இலைதான் வருகிறது, ஒரு மொட்டுகூட இல்லை.
– ஈசூன் வாசகி

பதில்: தங்கச்சி, அனிமோன் ஆசையை விட்டுவிடுங்கள். குளிர்காலம் முழுக்க மண்ணுக்குள் அடங்கிக் கிடந்து எழுகிற செடி அது. நம் ஊரில் அதற்கு அடங்க நேரமே கிடைக்காது. தங்கை வீட்டு ஆஸ்டரும் அந்த ஊர்க் குளிருக்குப் பழகியதுதான். ருட்பெக்கியாவுக்கு நீண்ட பகல் வேண்டும். லண்டனில் ஜூன் மாதம் பதினாறு மணி நேரத்துக்கு மேல் பகல். நமக்கோ ஆண்டு முழுக்கப் பன்னிரண்டு மணி நேரம்தான், பத்து நிமிடம்கூடக் கூடிக் குறையாது.

சாமந்தி கதை வேறு. பகலின் நீளம் பார்த்துச் செடிகள் பூக்கின்றன என்று 1920இல் கார்னர், அல்லார்டு என்ற இரண்டு அமெரிக்கர்கள் எழுதினார்கள். கோடை முழுக்க நெடுநெடுவென்று வளர்ந்தும் பூக்காமல் நின்ற ஒரு புகையிலை வகைதான் அவர்களை யோசிக்க வைத்தது. செடி எண்ணுவது பகலை அல்ல, இரவை என்பது பின்னால் தெரிந்தது. சாமந்தியும் அந்தப் புகையிலையின் கட்சி. இருட்டு நீளமாக, நடுவில் கலையாமல் இருந்தால்தான் மொட்டு வைக்கும். அந்தக் கணக்குக்கு நம் பன்னிரண்டு மணி நேர இரவு போதும்.

அப்புறம் ஏன் பூக்கவில்லை? தொட்டிக்கு மேலே தாழ்வார விளக்கு இருக்கிறதா என்று நீங்கள் எழுதவில்லை. இருக்கும் என்று பந்தயமே கட்டுவேன். மலேசியாவின் கேமரன் மலையில் சாமந்தி பயிரிடுகிறவர்கள் ராத்திரியில் விளக்கு எரிப்பார்கள். குட்டையாக இருக்கும்போதே செடி மொட்டு வைத்துவிடக் கூடாது, முதலில் தண்டு நீள வேண்டும் என்பதற்காக. அவர்கள் காசு கொடுத்துச் செய்கிற வேலையை, நாம் மாதாமாதம் கட்டும் பராமரிப்புக் கட்டணத்தில் நகர மன்றம் தாழ்வார விளக்கை எரியவிட்டு நமக்குச் செய்து தருகிறது!

நானும் இதில் ஏமாந்தவள்தான். அங் மோ கியோவில் ஒன்பதாவது மாடி எனக்கு. சாயங்காலம் ஆனால் கறுப்புக் குப்பைப் பையால் செடியை மூடினேன். உள்ளே வேர்த்து வேர்த்து நாலே நாளில் இலை அழுகிவிட்டது. அடுத்த செடிக்கு டிஷ்யூ வாங்கிய அட்டைப் பெட்டி. மாலை ஆறரைக்குக் கவிழ்ப்பேன், காலை ஏழரைக்கு எடுப்பேன். மொட்டு வந்துவிட்டதா என்று நடுராத்திரி டார்ச் அடித்துப் பார்க்கக் கூடாது, அதுவும் வெளிச்சம்தான். (பார்த்தேன். அதனால்தான் சொல்கிறேன்.) நாலாவது வாரம் மிளகு அளவில் மொட்டு. பத்தாவது வாரம் மஞ்சள் பூ. நம் வெக்கையில் கொஞ்சம் தாமதமாகும், பூவும் கடையில் பார்த்த அளவுக்குப் பெரிதாக இராது.

பெட்டி தொல்லை என்றால், துணி காயப்போடும் பின்கட்டில் ராத்திரி விளக்கை அணைத்துவிட்டு, காலை வெயில் படுகிற பக்கமாகத் தொட்டியை வையுங்கள். சுவர் விளிம்பில் மட்டும் வேண்டாம், கீழே ஆள் நடக்கிற இடம். தாழ்வாரத்திலேயே வைப்பதானால் 1.2 மீட்டர் வழி விட்டு வையுங்கள். தொட்டிக்கு அடியில் இருக்கும் தட்டில் தண்ணீர் தேங்கவிடாதீர்கள். டெங்கிக் கொசுவுக்கு அந்தத் தட்டு ஒன்றே போதும்.

கேள்வி: தீபாவளிக்கு என் வீட்டு வாசலில் என் கையால் வளர்த்த செண்டுப்பூ வேண்டும். எப்போது விதைக்க?
– உட்லண்ட்ஸ் வாசகர்

பதில்: பண்டிகைக்குப் பத்து வாரம் முன்னால், தம்பி. எனக்கு ஒன்பதாவது வாரத்தில் முதல் பூ விரியும். ஆனால் விதைப்பதற்கு முன் உங்கள் தாழ்வாரம் எந்தத் திசை என்று பாருங்கள். நம் ஊரில் பருவம் இல்லை என்கிறார்களே, தாழ்வாரத்தில் செடி வளர்க்கிறவர்களைக் கேட்டால் தெரியும். மார்ச் கடைசியிலிருந்து செப்டம்பர் மூன்றாம் வாரம் வரை நடுப்பகல் சூரியன் வடக்கே சாய்ந்திருக்கும், பிறகு தெற்கே போய்விடும். வடக்குப் பார்த்த வீடானால் ஆகஸ்ட்டில் கொழுகொழுவென்று வளரும் செடி, மொட்டு வைக்கிற அக்டோபரில் வெயில் இல்லாமல் சோர்ந்துபோகும். எனக்கு இரண்டு வருஷம் இதுதான் நடந்தது, உரத்தைக் குறை சொல்லிக்கொண்டிருந்தேன். வடக்கு வாசல்காரர்கள் கனகாம்பரம் வையுங்கள், அரை நிழலிலும் பூக்கும். தெற்கு வாசல் என்றால் செண்டுப்பூவோடு கோழிக்கொண்டையும் வாடாமல்லியும் சேர்த்துப் போடுங்கள். தலை கனத்த செண்டுப்பூ மழையில் நனைந்தால் அழுகும். அக்டோபர் பிற்பகல் மழையில் சாரல் அடிக்கிற இடமானால் தொட்டியைச் சுவர்ப்பக்கம் நகர்த்திவிடுங்கள். மாலைக்குப் போதாவிட்டால் தேக்கா சந்தை இருக்கவே இருக்கிறது.

கேள்வி: ஆகஸ்ட் மாதம் எங்கள் புளோக் கீழே ஒரு மரம் ஜப்பானின் சகுரா மாதிரி பூத்துக் கொட்டியது. தொட்டியில் வளருமா?
– தெம்பனிஸ் வாசகி

பதில்: பெரும்பாலும் அது டபேபுயா. தென் அமெரிக்கா, மெக்சிகோ பக்கத்து மரம். வறண்ட நாள்கள் நீடித்து அதன்பின் மழை பெய்தால் பூக்கும். நம் ஊரில் ஏப்ரலை ஒட்டி ஒரு முறை, ஆகஸ்ட்டை ஒட்டி ஒரு முறை. தொட்டிக்குள் அடங்குகிற மரம் இல்லை. அதே குணத்துக்குக் காகிதப்பூ வாங்குங்கள். இலை லேசாகத் தொங்கும்வரை தண்ணீரை நிறுத்திவிட்டுப் பிறகு ஊற்றுங்கள். ஊருக்குப் போகும்போது பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டுப் போனால், பாவம் பார்த்துத் தினமும் தண்ணீர் ஊற்றி இலையாக வளர்த்துவிடுவார்கள்.