கிங் பிறந்தநாள் லீவில் என்ன செய்வது? – வாசகர் கேள்வி-பதில்

ஜனவரி மூன்றாவது திங்கட்கிழமை நெருங்குகிறது. அன்று வரும், அமெரிக்கக் கறுப்பின மக்களின் உரிமைக்காகப் போராடிய மார்ட்டின் லூதர் கிங்கின் நாளைப் பற்றி வந்திருந்த கேள்விகளை மட்டும் இந்த முறை எடுத்துக்கொண்டேன். அமெரிக்க வாசகர்களுடையதுதான் அதிகம், கோவையிலிருந்தும் ஒன்று.

மகள் படிக்கும் பள்ளியில் கிங் நாளுக்கு லீவும் விட்டுவிட்டு, அன்றைக்கு ஏதாவது தொண்டு செய்யுங்கள் என்று குறிப்பும் அனுப்பியிருக்கிறார்கள். லீவு என்றால் லீவுதானே, இதென்ன புது வழக்கம்? – வாசகி, நியூ ஜெர்சி

புது வழக்கம் இல்லைங்க, 1994-லிருந்தே சட்டத்தில் இருக்கிறது. அந்த லீவு கிடைத்ததே பெரிய கதை. 1968 ஏப்ரல் 4-ல் கிங்கைச் சுட்டுக் கொன்றார்கள். நான்காவது நாளே ஜான் கான்யர்ஸ் என்ற எம்.பி., கிங் பிறந்தநாளைத் தேசிய விடுமுறையாக்க மசோதா கொண்டுவந்தார், அது சட்டமாக 15 வருஷம் பிடித்தது. நடுவில் மசோதா தோற்றது, லட்சக்கணக்கில் கையெழுத்து திரட்டினார்கள், ஸ்டீவி வொண்டர் ஒரு பாட்டே பாடி ஊரைக் கூட்டினார், கடைசியில் 1983-ல் அதிபர் ரீகன் கையெழுத்துப் போட, 1986-ல்தான் முதல் லீவு வந்தது.

லீவு வந்ததும் என்ன ஆகும்? தூங்குவோம், அப்புறம் தள்ளுபடி விற்பனைக்குப் போவோம். இதைப் பார்த்துத்தான் ஹாரிஸ் வோஃபோர்ட் என்ற செனட்டரும் ஜான் லூயிஸ் எம்.பி.யும் இதைச் சேவை நாளாக்கும் சட்டத்தைக் கொண்டுவந்தார்கள், அதிபர் கிளின்டன் கையெழுத்திட்டார். லூயிஸ் யாரென்றால், 1965-ல் கறுப்பின மக்களின் வாக்குரிமைக்காக ஊர்வலம் போனபோது செல்மா ஊர்ப் பாலத்தில் போலீஸ் தடியடியில் மண்டை உடைந்தவர். வோஃபோர்ட் இளவயதில் இந்தியா வந்து காந்தியின் வழியைப் படித்துவிட்டுப் போனவர், கிங்குக்கு ஆலோசனையும் சொன்னவர். அதனால் பள்ளியைக் கோபித்துக்கொள்ளாதீர்கள். காலையில் நன்றாகத் தூங்கிவிட்டு மதியம் போனாலும் குற்றமில்லை.

போன வருடம் கிங் நாளில் நண்பர்கள் எல்லாரும் உணவு வங்கிக்கு (இல்லாதவர்களுக்கு இலவசமாகச் சாப்பாட்டுப் பொருள் தரும் இடம்) போனோம். வந்த டப்பாக்களைத் தரம் பிரித்து அடுக்கியதோடு சரி. கிங்கைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. இதற்கும் அவருக்கும் என்ன சம்பந்தம்? – வாசகர், டல்லாஸ்

நல்ல கேள்வி. கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

முதலில் டப்பா தரம் பிரிப்பதை இளக்காரமாக நினைக்க வேண்டாம். உப்பியிருக்கும் டப்பா குப்பைக்கு, மூடி ஓரத்துத் தையலில் நசுங்கியதும் குப்பைக்கு, வயிற்றில் லேசாக நெளிந்தது போகலாம், தேதி தாண்டிய குழந்தைப் பால்பவுடர் கண்டிப்பாகக் கூடாது. மற்றபடி சூப், பீன்ஸ் மீதிருக்கும் தேதி பெரும்பாலும் ருசிக்கான தேதிதான். முதல் தடவை வருகிறவர்கள் அதைப் பார்த்துப் பதறி நல்ல சாப்பாட்டையே தூக்கிப் போட்டுவிடுவார்கள். கவனமான ஆள் ஒருவர் மேசையில் இருந்தால் நிறைய மிச்சமாகும்.

சரி, சம்பந்தத்துக்கு வருவோம். கிங் செத்த ஊர் மெம்ஃபிஸ். அங்கே எதற்குப் போனார்? துப்புரவுத் தொழிலாளர்களின் வேலைநிறுத்தத்துக்கு ஆதரவாக. 1968 பிப்ரவரி 1-ம் தேதி, மழைக்குக் குப்பை லாரியின் பின்பக்கம் ஒதுங்கியிருந்த எக்கோல் கோல், ராபர்ட் வாக்கர் என்ற இரண்டு தொழிலாளர்கள், குப்பையை நசுக்கும் இயந்திரம் தானாக ஓட ஆரம்பித்ததில் உள்ளே சிக்கிச் செத்தார்கள். சுமார் 1,300 பேர் வேலையை நிறுத்திவிட்டு ‘நானும் மனிதன்தான்’ என்ற அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கினார்கள். முழுநேரம் உழைத்தும் குடும்பத்துக்குப் போதாமல் அரசு உதவியை நம்பியிருந்தவர்கள் அவர்களில் பலர். இப்போது யோசியுங்கள், நீங்கள் அடுக்கிய பெட்டியை வாங்கிப் போகிறவர்களிலும் வேலைக்குப் போகிறவர்கள் நிறைய இருக்கிறார்கள். சம்பளம் வாடகைக்கே போய்விட, சாப்பாட்டுக்கு வரிசையில் நிற்கிறார்கள்.

சாவதற்குச் சரியாக ஒரு வருஷம் முன்னால், நியூயார்க் ரிவர்சைடு தேவாலயத்தில் கிங் இதைத்தான் பேசினார்: பிச்சைக்காரனுக்குக் காசு எறிவது மட்டும் இரக்கமில்லை, பிச்சைக்காரர்களை உண்டாக்குகிற அமைப்பையே திருத்திக் கட்ட வேண்டும் என்று. அவரைத் தொண்டு செய்த சாது மாதிரி மட்டும் காட்டுவது எனக்குக் கொஞ்சமும் பிடிக்காத விஷயம். சேவையை உயர்த்திப் பேசியவர்தான், ஆனால் ஜெயிலுக்குப் போனவர், அரசாங்கத்தை எரிச்சல்படுத்தியவர்.

அதனால் உணவு வங்கியை விட வேண்டாம், கூடவே ஒன்று செய்யுங்கள். இந்த ஊரில் சாப்பாட்டுக்கு ஏன் இத்தனை பேர் வருகிறார்கள் என்று அங்கே வேலை பார்ப்பவரிடம் கேளுங்கள். வாடகையா, பஸ் இல்லையா, மருத்துவச் செலவா என்று சொல்வார். அந்த விஷயம் நகரசபைக் கூட்டத்துக்கு வரும்போது போய் உட்காருங்கள், முடிந்தால் பேசுங்கள். இன்னொன்று, கிங் நாளுக்கு ஆள் குவிந்துவிடும், முன்பதிவு சீக்கிரம் தீர்ந்துவிடும். பிப்ரவரியில் ஒரு சாதாரண செவ்வாய்க்கிழமை போய்ப் பாருங்கள், உங்களை ஆசையாக வரவேற்பார்கள்.

வெள்ளையர், கறுப்பர் தகராறு அவர்கள் பிரச்சினை. நாம் பிழைக்க வந்தவர்கள், நமக்கெதற்கு? – வாசகர், சியாட்டில்

நீங்கள் பிழைக்க வந்த கதவை யார் திறந்தார்கள் என்று பாருங்கள். 1946-ல் வந்த சட்டப்படி இந்தியர்களுக்கு வருஷத்துக்கு 100 பேர்தான் கோட்டா. 1964-ல் சிவில் உரிமைச் சட்டம், 1965 ஆகஸ்டில் வாக்குரிமைச் சட்டம், அதே சூட்டோடு அக்டோபர் 3-ம் தேதி புதிய குடியேற்றச் சட்டம். பிறந்த நாட்டைப் பார்த்து ஆளை ஒதுக்கும் கோட்டாவை அது தூக்கியெறிந்தது. இங்கே இனம் பார்ப்பது தப்பு என்று சொல்லி அடிவாங்கியது யார்? ‘அவர்கள்’தான்.

கிங் தமிழ்நாட்டுக்கு வந்திருக்கிறாரா? – வாசகர், கோவை

1959-ல் மனைவி கொரெட்டாவோடு இந்தியா வந்தபோது கன்னியாகுமரி வரை போனார். பாறையில் உட்கார்ந்து சூரியன் மறைவதையும் நிலா எழுவதையும் பார்த்ததை ஊர் திரும்பியதும் பிரசங்கத்தில் சொன்னார்.

நான் எச்-4 விசாவில் (வேலை விசாவில் வந்தவரின் குடும்பத்தாருக்குத் தருவது) இருக்கிறேன், வேலை பார்க்க அனுமதி இல்லை. தொண்டு செய்யலாமா? – வாசகி, சிகாகோ

லாப நோக்கில்லாத அமைப்பில், பொதுவாகத் தொண்டர்களே செய்கிற வேலையை, பணமோ வேறு எந்தக் கைம்மாறோ வாங்காமல் செய்வதற்குப் பொதுவாகத் தடையில்லை. சம்பளம் கொடுத்து ஆள் வைக்க வேண்டிய வேலையை ஓசியில் செய்து கொடுத்தால்தான் வம்பு. அனுபவத்துக்காக ஒரு கம்பெனிக்கு இலவசமாக மென்பொருள் எழுதித் தருவதெல்லாம் தொண்டு ஆகாது. சந்தேகமிருந்தால் விசா வக்கீலிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

பையன் 11-ம் வகுப்பு. கல்லூரி விண்ணப்பத்துக்குச் சேவை மணிநேரம் வேண்டுமாம். கிங் நாளில் எங்கே போனால் நன்றாக இருக்கும்? – வாசகி, அட்லாண்டா

கிங் பிறந்த ஊரிலேயே இருந்துகொண்டு என்னிடம் கேட்கிறீர்கள்! அவர் பிரசங்கம் செய்த எபினேசர் தேவாலயமும் அங்கேதான் இருக்கிறது, முதலில் பையனை அங்கே கூட்டிப்போங்கள்.

அப்புறம், மணிக்கணக்கு இருக்கட்டும், அவனுக்கு ஒரு கதை சொல்லுங்கள். 1957-ல் தென் கரோலினாவில் ஜான்ஸ் தீவில் கறுப்பின மக்கள் ஓட்டுப் போட வேண்டுமென்றால் எழுதப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும். பெர்னிஸ் ராபின்சன் என்ற அழகு நிலையக்காரர் பாடம் எடுக்க முன்வந்தார். முன்பக்கம் மளிகைக் கடை, பின்பக்க அறையில் வகுப்பு, வெள்ளைக்காரர்கள் கண்ணில் படாமல் இருக்க இந்த ஏற்பாடு. நான் டீச்சர் இல்லை, உங்களுக்கு என்ன கற்றுக்கொள்ள ஆசை என்று வந்தவர்களையே கேட்டார். கையெழுத்துப் போட, மணியார்டர் படிவம் நிரப்ப, கடைப் பட்டியலைப் பார்த்துச் சாமான் வரவழைக்க என்றார்கள். அங்கிருந்துதான் தொடங்கினார். செப்டிமா கிளார்க் என்ற ஆசிரியை முன்நின்று வளர்த்த இந்தப் பள்ளிகளை 1961-ல் கிங்கின் அமைப்பே ஏற்று நடத்தி, தெற்கு முழுக்கப் பரப்பியது.

இதே வேலை இன்றும் இருக்கிறது. நூலகங்களில் குடியுரிமைத் தேர்வுக்குப் படிக்கும் பெரியவர்களுக்குக் கேள்வி கேட்டுப் பழக்கிவிட ஆள் தேவைப்படும் (அந்தக் கேள்விப் பட்டியலில் கிங்கைப் பற்றியும் ஒன்று உண்டு). பல மாநிலங்களில் 16, 17 வயதுப் பிள்ளைகள் தேர்தல் அன்று வாக்குச்சாவடியில் உதவி செய்யலாம், உங்கள் கவுண்டி அலுவலகத்தில் விசாரியுங்கள். வாராவாரம் ஒரே தாத்தாவோடு உட்கார்ந்து படித்தவனுக்கு விண்ணப்பத்தில் எழுத விஷயம் தானாகக் கிடைக்கும்.

எனக்கு 70 வயது. கார் ஓட்டத் தெரியாது, குளிரில் வெளியே போக முடியாது. வீட்டிலிருந்தே ஏதாவது? – வாசகர், பாஸ்டன்

உங்களுக்கென்றே ஒரு வேலை இருக்கிறது ஐயா. பழைய கையெழுத்துக் காகிதங்களைப் படமெடுத்து இணையத்தில் போட்டிருக்கிறார்கள், அதைப் பார்த்துத் தட்டச்சு செய்து தர வேண்டும். அடிமைத்தளையிலிருந்து விடுபட்டவர்களுக்காக உள்நாட்டுப் போருக்குப் பின் நடந்த அரசு அலுவலகத்தின் ஆவணங்களை ஸ்மித்சோனியன் இப்படித்தான் தொண்டர்களை வைத்து எழுத்தாக்குகிறது. தன் பாட்டனுக்குப் பாட்டன் பெயரைத் தேடுகிற ஒருவருக்கு அது அகப்படும். அமெரிக்கக் காங்கிரஸ் நூலகமும் இதே போல ஒரு திட்டம் நடத்துகிறது, அங்கே கணக்குத் திறக்காமலேயே ஒரு பக்கத்தை எடுத்து அடிக்கத் தொடங்கலாம். நீங்கள் அடித்ததை இன்னொரு தொண்டர் சரிபார்ப்பார், தப்பு வந்தாலும் பயமில்லை. சாய்வாகக் கோர்த்து எழுதும் பழைய ஆங்கிலக் கையெழுத்து இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குப் படிக்கவே வராது. உங்கள் தலைமுறைக்கு அது பள்ளியிலேயே பழகியது.