ஓட்டுவது கார் என்றாலும் டிக்கெட் உங்கள் பெயருக்குத்தான்

தம்பி, ஃப்ரீமாண்ட்டுக்கு வந்து இரண்டு மாதம் ஆகிறது, எச்-1பி வேலை விசா, சன்னிவேலில் வேலை, தினமும் 880, 237 ஃப்ரீவேக்களில் ஊர்ந்து போக வேண்டியிருக்கிறது, அதனால் தானே ஓட்டும் வசதியுள்ள மின்சாரக் கார் ஒன்றைப் பழையதாக வாங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கார் ஓட்டிக்கொண்டிருக்கும்போது நாம் போனில் மெயில் பார்க்கலாமா, மோதிவிட்டால் பொறுப்பு கம்பெனிக்கா நமக்கா, வாடகை வீட்டில் சார்ஜ் செய்ய என்ன வழி என்றும் கேட்டிருக்கிறீர்கள். மனைவி ஓட்டக் கற்றுக்கொள்ளப் போவதைப் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். அதற்கும் இந்தக் காருக்கும் சம்பந்தம் உண்டு, கடைசியில் சொல்கிறேன்.

போன் விஷயம் சுலபம்: கூடாது. கலிஃபோர்னியாவில் ஓட்டும்போது போனைக் கையில் பிடித்தாலே தவறு. வரைபடம் பார்க்கத்தான் பிடித்தேன் என்பதும் செல்லாது என்று 2025இல் இங்குள்ள மேல்முறையீட்டு நீதிமன்றம் சொல்லிவிட்டது. கார் தானாகப் போய்க்கொண்டிருந்தது என்று போலீஸ்காரரிடம் விளக்கம் சொன்னால் உங்கள் நிலைமை இன்னும் மோசமாகும். நீங்களே வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டதாக ஆகும்.

உங்கள் குழப்பம் எங்கிருந்து வருகிறது என்று புரிகிறது. சான் பிரான்சிஸ்கோ போயிருப்பீர்கள், ஓட்டுநர் இருக்கை காலியாக வேமோ டாக்சி போவதைப் பார்த்திருப்பீர்கள். எஸ்ஏஇ என்ற பொறியாளர் அமைப்பு இந்த வசதிகளை 0 முதல் 5 வரை நிலை பிரித்து வைத்திருக்கிறது. வேமோ 4ஆம் நிலை. நீங்கள் வாங்க நினைக்கும் டெஸ்லாவோ, ஃபோர்டோ, ஜிஎம்மோ எல்லாம் 2ஆம் நிலை. ஸ்டீயரிங்கைத் திருப்பும், வேகத்தைக் கூட்டிக் குறைக்கும், சிலது லேன் மாறும், சிக்னலில் நிற்கும். ஆனால் கண்ணும் கவனமும் உங்களுடையது, சட்டத்தின் பார்வையில் ஓட்டுநரும் நீங்கள்தான். இடையில் 3ஆம் நிலை என்று ஒன்று உண்டு. மெர்சிடிஸின் டிரைவ் பைலட்டுக்கு 2023இல் நெவாடாவும் கலிஃபோர்னியாவும் அனுமதி கொடுத்தன, அதுவும் குறிப்பிட்ட ஃப்ரீவேக்களில் 40 மைல் வேகத்துக்குள் மட்டும். உங்கள் பட்ஜெட்டுக்கு அந்தப் பேச்சு வேண்டாம்.

2025 செப்டம்பரில் சான் புருனோவில் நடந்ததைச் சொன்னால் வித்தியாசம் தெரியும். போதை ஓட்டுநர்களைப் பிடிக்க நின்றிருந்த போலீஸ், தப்பாக யூ டர்ன் அடித்த ஒரு வேமோவை நிறுத்தினார்கள். உள்ளே ஆளே இல்லை. யாருக்கு டிக்கெட், அதாவது அபராதச் சீட்டு, எழுதுவது? எழுதாமல் விட்டுவிட்டார்கள். அந்த ஓட்டையை அடைக்கத்தான், ஆளில்லாக் கார் தப்புச் செய்தால் கம்பெனிக்கு நோட்டீஸ் கொடுக்க 2026 ஜூலை முதல் வழி செய்யும் சட்டம் 2024இலேயே நிறைவேறியிருந்தது. உங்கள் காரில் அந்தப் பிரச்சினையே இல்லை. இருக்கையில்தான் நீங்கள் உட்கார்ந்திருக்கிறீர்களே.

இனி மோதினால் என்ன ஆகும் என்பதற்கு வருகிறேன். இதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். 2019 டிசம்பரில் லாஸ் ஏஞ்சலிஸ் பக்கம் கார்டீனாவில் ஆட்டோபைலட்டில் (டெஸ்லா தன் 2ஆம் நிலை வசதிக்கு வைத்த பெயர்) வந்த ஒரு டெஸ்லா, ஃப்ரீவே முடிந்து ஊர்ச்சாலைக்கு வந்ததும் வேகம் குறையாமல் சிவப்பு விளக்கைத் தாண்டி ஒரு ஹோண்டா சிவிக்கில் மோதியது. அதிலிருந்த இருவரும் இறந்தார்கள். அலட்சியமாக ஓட்டி உயிரிழப்பு ஏற்படுத்தியதாகக் குற்ற வழக்கு ஓட்டியவர் மேல் போடப்பட்டது, கம்பெனி மேல் இல்லை. அவர் குற்றச்சாட்டை எதிர்த்து வாதாடவில்லை. 2023இல் சிறைக்குப் போகாமல் நன்னடத்தைக் கண்காணிப்புத் தண்டனையோடு தப்பித்தார். ஆனால் குற்றப்பதிவு குற்றப்பதிவுதான். விசாவில் இருக்கும் நம்மைப் போன்றவர்களுக்கு அது என்ன செய்யும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

மயாமி கோர்ட்டில் டெஸ்லா கம்பெனி தோற்றதே என்று நண்பர்கள் சொல்வார்கள். தோற்றது உண்மைதான். 2019இல் ஃபுளோரிடாவின் கீ லார்கோவில் நடந்த விபத்துக்கு 2025 ஆகஸ்டில் ஜூரி தீர்ப்புச் சொன்னது: டெஸ்லா கட்ட வேண்டியது சுமார் 24.3 கோடி டாலர். தலைப்பை மட்டும் படித்தவர்கள் இனிக் கவலையில்லை என்று நினைத்தார்கள். அதே ஜூரி கம்பெனிக்கு ஒதுக்கிய பங்கு 33 சதவீதம். மீதி 67 சதவீதம் கீழே விழுந்த போனைத் தேடிக் குனிந்த ஓட்டுநர் தலையில். இது நஷ்டஈட்டு வழக்கு என்பதையும் மறக்க வேண்டாம். கம்பெனியிடம் பணம் வாங்குவது வேறு, உங்கள் மேல் விழும் டிக்கெட்டும் குற்ற வழக்கும் வேறு. முதலாவதில் ஜெயித்தாலும் இரண்டாவது போகாது.

மோதுவதற்கு ஒரு நொடி முன்னால் கார் தானாகக் கைவிட்டுவிடும், அதனால் கம்பெனி தப்பித்துக்கொள்ளும் என்று ஒரு பேச்சு வாட்ஸப்பில் சுற்றுகிறது. கைவிடுவது நடக்கும். ஆனால் அமெரிக்கச் சாலைப் பாதுகாப்புத் துறையான என்எச்டிஎஸ்ஏ, மோதுவதற்கு முந்தைய 30 நொடிக்குள் அந்த வசதி இயங்கியிருந்தாலே கடுமையான விபத்துகளைத் தெரிவிக்க வேண்டும் என்று 2021இலேயே உத்தரவு போட்டுவிட்டது. இது கம்பெனிக்கான கணக்கு. உங்களைக் காப்பாற்றுவது உங்களிடம் உள்ள பதிவு. காரின் கேமரா வீடியோ பெரும்பாலும் சுற்றிச் சுற்றி அழிந்துகொண்டே இருக்கும், மோதிய உடனே சேமிக்கும் பட்டனை அமுக்குங்கள். கறுப்புப் பெட்டித் தகவல் காரின் உரிமையாளருக்கு அல்லது லீஸ் எடுத்தவருக்குச் சொந்தம் என்று 2015இன் கூட்டாட்சிச் சட்டம் சொல்கிறது. இன்சூரன்ஸ்காரர் கேட்டவுடன் கொடுத்துவிட வேண்டியதில்லை, வக்கீலிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுக் கொடுங்கள். யாருக்காவது காயம் பட்டாலோ, சேதம் 1,000 டாலருக்கு மேல் போனாலோ 10 நாளுக்குள், லைசென்ஸும் வாகனப் பதிவும் பார்க்கும் டிஎம்விக்கு எஸ்ஆர்-1 என்ற விபத்துப் படிவம் அனுப்ப வேண்டும். யார் மேல் தப்பு என்றாலும் இது உண்டு. பலர் இதை விட்டுவிட்டு லைசென்ஸ் பிரச்சினையில் மாட்டுகிறார்கள்.

குடித்துவிட்டு, கார்தான் கொண்டுபோய் விடுமே என்று ஏறுகிறவர்கள் நம்மிலும் உண்டு. 2018 ஜனவரியில் பே பிரிட்ஜில் நின்ற டெஸ்லாவுக்குள் ஒருவர் போதையில் மயங்கிக் கிடந்தார். எழுப்பியதும் ஆட்டோபைலட்டில் போட்டிருந்தேன் என்றார். கைது செய்து காரை இழுத்துக்கொண்டு போனார்கள். கார் தானாக ஓட்டிக்கொண்டு போகவில்லை என்று ஹைவே போலீஸே கிண்டலடித்தது. நமக்கு இதில் சிரிக்க ஒன்றுமில்லை. போதையில் ஓட்டியதாகக் கைதானாலே, தீர்ப்பு வருவதற்கு முன்பே, அமெரிக்க வெளியுறவுத் துறை விசா ஸ்டாம்ப்பை ரத்து செய்ய முடியும். அமெரிக்காவுக்குள் இருக்கும்வரை வேலையில் தொடரலாம், ஆனால் அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று ஊருக்குப் போனால் திரும்பி வருவதற்குப் புது ஸ்டாம்ப் வேண்டும்.

அப்புறம், இரண்டு மாதமாக இந்திய லைசென்ஸில்தான் ஓட்டுகிறீர்களா? இங்கே குடியேறிய 10 நாளுக்குள் கலிஃபோர்னியா லைசென்ஸ் எடுக்க வேண்டும். கார் அப்புறம் பார்க்கலாம், முதலில் டிஎம்விக்குப் போங்கள்.

பழைய கார் வாங்கும்போது விற்பவர் சொல்வதை நம்பாதீர்கள். தானே ஓட்டும் வசதி காரோடு வருகிறதா, மாதச் சந்தாவா என்று காரின் திரையில் மென்பொருள் பக்கத்தைத் திறந்து நீங்களே பாருங்கள், விற்பனைப் பத்திரத்திலும் எழுதி வாங்குங்கள். டெஸ்லா 2023இல் புதிய கணினியைப் போடத் தொடங்கியது. அதற்கு முந்தைய கார்களுக்குப் புது மென்பொருள் அதே வேகத்தில் வருவதில்லை, விலை மலிவாக இருப்பதற்கு அதுவும் காரணம். பேட்டரி உத்தரவாதம் பொதுவாக 8 ஆண்டு அல்லது 1,00,000 மைல், எவ்வளவு மிச்சம் என்று கணக்குப் போடுங்கள். விஐஎன் என்ற காரின் அடையாள எண்ணை என்எச்டிஎஸ்ஏ தளத்தில் போட்டால் நிலுவையில் உள்ள ரீகால், அதாவது குறையைச் சரிசெய்யக் கம்பெனி விடும் அழைப்பு, தெரியும். ரீகால் என்றதும் பயப்பட வேண்டாம். 2023 டிசம்பரில் ஆட்டோபைலட்டுக்காக 20 லட்சத்துக்கும் மேற்பட்ட டெஸ்லாக்களை ரீகால் செய்தார்கள், வீட்டு வாசலில் நின்றபடியே மென்பொருள் இறங்கிச் சரியானது.

பம்பரில் கார்பூல் ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறது, பலர் சேர்ந்து போகும் கார்களுக்கான அந்த லேனில் தனியாகவே போகலாம் என்று விற்பவர் ஆசை காட்டலாம். அந்தத் திட்டம் 2025 செப்டம்பர் 30ஆம் தேதியோடு முடிந்துவிட்டது, ஸ்டிக்கர் இப்போது வெறும் அலங்காரம். 880இலும் 237இலும் எக்ஸ்பிரஸ் லேனில் தனி ஆளாகப் போனால் டோல் கட்ட வேண்டும். புது மின்சாரக் காருக்கு இருந்த 7,500 டாலர் வரிச்சலுகையும் அதே தேதியில் போய்விட்டது. போதாக்குறைக்கு 2020ஆம் ஆண்டு மாடலிலிருந்து மின்சாரக் கார்களுக்கு ரெஜிஸ்ட்ரேஷனோடு சாலைக் கட்டணம் தனியாக உண்டு, 100 டாலரில் தொடங்கி விலைவாசியோடு ஏறிக்கொண்டிருக்கிறது. பெட்ரோல் போடாததால் அந்த வரியை இப்படி வாங்கிக்கொள்கிறார்கள், அது நியாயம்தான்.

இன்சூரன்ஸில் கலிஃபோர்னியாவின் குறைந்தபட்சம் 2025 முதல் 30,000, 60,000, 15,000 டாலர் என்று உயர்ந்திருக்கிறது. முதல் எண் காயம்பட்ட ஒருவருக்கு, இரண்டாவது ஒரு விபத்தில் காயம்பட்ட எல்லோருக்கும் சேர்த்து, கடைசி எண் அடுத்தவர் சொத்துக்கு ஆகும் சேதம். இந்த ஊர்ச் சாலையில் உங்களுக்கு முன்னால் நிற்கும் கார் என்ன விலை என்று பாருங்கள், 15,000 எதற்குக் காணும்? கூட்டிப் போடுங்கள். வாங்குவதற்கு முன்பே விஐஎன் கொடுத்து பிரீமியம் கேளுங்கள், மின்சாரக் காருக்கு அது சில சமயம் மாதத் தவணைக்குப் போட்டியாக நிற்கும்.

வைத்து ஓட்டும்போது வரும் தொல்லைகள் வேறு மாதிரி. நடு ஃப்ரீவேயில் மேம்பால நிழலைப் பார்த்து திடீரென்று பிரேக் போடும். இதற்காக என்எச்டிஎஸ்ஏ 2022இல் டெஸ்லா மீது விசாரணையே தொடங்கியது. பின்னால் லாரி ஒட்டி வந்தால் நான் அந்த வசதியை அணைத்துவிடுவேன். காலை வெயில் முகத்தில் அடித்தால் கேமரா தடுமாறும். ஸ்கூல் பஸ் சிவப்பு விளக்கைப் போட்டு நிற்கும் இடத்தில் காரை நம்பவே கூடாது, நீங்களே பிரேக்கை மிதியுங்கள். ராத்திரி மென்பொருள் மாறி, காலையில் நேற்றிருந்த பட்டன் வேறு இடத்தில் இருக்கும். மருமகளுக்குத் தெரியாமல் மாமியார் அஞ்சறைப்பெட்டியை மாற்றி வைத்த மாதிரி. கவனிக்கச் சொல்லி அடிக்கடி நச்சரிக்கும். அதை ஏமாற்ற ஸ்டீயரிங்கில் மாட்டும் எடையை யாராவது சிபாரிசு செய்தால் கேட்காதீர்கள், அப்படி ஒன்றை விற்பதை நிறுத்தச் சொல்லி 2018இலேயே உத்தரவு போட்டார்கள். போன்தான் சாவி என்றால் பர்சில் கார்டு சாவியும் இருக்கட்டும். சின்னதாக ஒரு 12 வோல்ட் பேட்டரி உண்டு, பெரிய பேட்டரி நிறைந்திருந்தாலும் அது செத்தால் கதவின் மின் பட்டன் வேலை செய்யாது. உள்ளிருந்து கையால் திறக்கும் பிடி எங்கே என்று முதல் நாளே தேடி, பின் இருக்கையில் உட்காரும் குழந்தைக்கும் காட்டிவிடுங்கள்.

சார்ஜுக்கு வருவோம். வாடகைக்கு இருப்பவர் தன் செலவில் சார்ஜர் போட எழுத்தில் கேட்டால் வீட்டுக்காரர் ஒப்புக்கொள்ள வேண்டும் என்று கலிஃபோர்னியாவில் சட்டம் உண்டு, விதிவிலக்குகளும் உண்டு. ஆனால் அந்தச் செலவைப் போட்டுவிட்டு அடுத்த வருடம் வீடு மாறினால் என்ன பிரயோஜனம்? ஆபீசில் சார்ஜர் இருக்கிறதா என்று பாருங்கள், இருந்தால் பாதிக் கவலை தீர்ந்தது. இல்லையென்றால், வீட்டில் வசதி கிடைக்கும்வரை ஹைபிரிட் வாங்குங்கள் என்பேன். வீட்டில் சார்ஜ் செய்ய முடிந்தால் மின்சாரம் தரும் பிஜி அண்ட் இ கம்பெனியின் மின்சாரக் கார் கட்டணத் திட்டத்துக்கு மாறி, நள்ளிரவுக்கு மேல் சார்ஜ் ஆகும்படி நேரம் வையுங்கள். மாலை 4 முதல் 9 வரை தொடவே வேண்டாம்.

மனைவி விஷயம். இந்தக் காரில் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தாலே வேகம் குறைந்து நிற்கும், அதில் பழகினால் பிரேக்கைத் தேடும் பழக்கமே காலுக்கு வராது. டிஎம்வி டெஸ்ட்டில் தானே பார்க் செய்யும் வசதி, லேன் உதவி, முன்னால் போகும் காருக்கேற்ப வேகத்தை மாற்றும் க்ரூஸ் எதையும் பயன்படுத்தக் கூடாது. பின் கேமராவை மட்டும் நம்பி ரிவர்ஸ் எடுக்கவும் கூடாது, தலையைத் திருப்பிப் பார்க்க வேண்டும். அதனால் டிரைவிங் ஸ்கூலின் சாதாரணக் காரிலேயே கற்று, அதிலேயே டெஸ்ட்டும் கொடுக்கட்டும். லைசென்ஸ் கைக்கு வந்ததும் அவர் பெயரை இன்சூரன்ஸில் சேர்த்துவிட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை காலியான பார்க்கிங்கில் உங்கள் காரைக் கொடுங்கள்.