டாப் டியூபை இறுக்காதீர்கள்: கார்பன் சைக்கிளைக் காரில் ஏற்றுவோரின் கேள்விகள்

டிக்கியில் பட்டை போட்டுக் கட்டும் ராக் (சைக்கிள் தாங்கி) வைத்திருக்கிறேன். சைக்கிள் டாப் டியூபில்தான், அதாவது ஃபிரேமின் மேல் குழாயில்தான் தொங்கும். போடியிலிருந்து மூணாறுக்கு இப்படிக் கொண்டுபோகலாமா?

வேண்டாம். கார்பன் குழாயில் இழைகளை அடுக்குவதே ஓட்டும்போது வரும் சுமையைத் தாங்கத்தான். பக்கவாட்டில் கவ்வி இறுக்கினால் அது தாங்காது. டாப் டியூபின் நடுப்பகுதியில் சுவர் பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டரை ஒட்டித்தான் இருக்கும். அலுமினியம் நசுங்கினால் கண்ணுக்குத் தெரியும். கார்பனிலோ உள்ளே அடுக்கு பிரிந்த பிறகும் மேலே பெயிண்ட் பளபளவென்றே இருக்கும். எனக்குக் கவலை தருவது இதுதான்.

போடிமெட்டு ஏறும்போது 17 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றிலும் தொங்கும் சைக்கிள் ஒருபக்கம் சாயும், பிடி அதே இடத்தைத் திரும்பத் திரும்ப அழுத்தும். பட்டைக்கு அடியில் சிக்கிய மண் உப்புத்தாள் போலப் பெயிண்டைத் தேய்த்துவிடும். ஹேண்டில் திரும்பி, அதன் முனை டாப் டியூபிலேயே இடிப்பதும் உண்டு.

இரண்டு சக்கரமும் தட்டில் நின்று, ஒரு கை முன் டயரை மட்டும் பிடிக்கும் ராக்கை வாங்குங்கள். அதில் ஃபிரேமைத் தொடும் பாகமே கிடையாது. கொஞ்சம் விலை கூடுதல்தான், ஆனால் ஃபிரேமின் விலையை நினைத்துப் பாருங்கள்.

கூரை ராக்கில் முன் சக்கரத்தைக் கழற்றி, அதைத் தாங்கும் ஃபோர்க்கை மாட்டுவது சரியா? (குமுளி)

சரிதான். ஆனால் உங்கள் ஃபோர்க்குக்கு அப்படி மாட்ட அனுமதி உண்டா என்று சைக்கிளின் கையேட்டில் முதலில் பாருங்கள். ஆக்சில் அளவும் பொருந்த வேண்டும்: 12 மி.மீ. த்ரூ ஆக்சில் (துளை வழியே செருகும் தடித்த அச்சு) ஃபோர்க்கை, பழைய குவிக் ரிலீஸ் (லீவரால் இறுக்கும் மெல்லிய அச்சு) வகைக்கான கவ்வியில் திணிக்கக் கூடாது. ஹைட்ராலிக் டிஸ்க் பிரேக் என்றால், சக்கரம் கழன்றதும் பிரேக் பேட்களுக்கு நடுவே மடித்த அட்டைத் துண்டைச் செருகுங்கள். வழியில் லீவர் அழுந்தினாலும் பேட் மூடிக்கொள்ளாது.

மொத்த உயரத்தை அளந்து ஸ்டீயரிங் பக்கத்தில் ஒரு சீட்டில் ஒட்டுங்கள். காரும் சைக்கிளும் சேர்ந்தால் சுமார் இரண்டரை மீட்டர். லாட்ஜ் போர்ட்டிகோவில் நுழையும்போது தலைக்கு மேல் சைக்கிள் இருப்பதே மறந்துபோகும்.

பின் சக்கரம் சைலன்சருக்கு நேரே வருகிறது. பரவாயில்லையா?

இல்லை. மலையேறும்போது புகை நன்றாகச் சூடாகும். கார்பன் ரிம்மின் பிசின் இளகலாம், டயரும் வெடிக்கலாம். சைக்கிளை முன்பின்னாகத் திருப்பி மாட்டுங்கள் அல்லது தள்ளி வையுங்கள்.

நம்பர் பிளேட் மறைகிறதே?

மறையக் கூடாது. பின் விளக்கும்தான். செக்போஸ்ட்டில் நிறுத்தினால் அவர்கள் சொல்வதுதான் நியாயம்.

இறக்கிய பிறகு ஃபிரேமில் ஒரு கோடு தெரிகிறது. கீறலா, விரிசலா? (மறையூர்)

துடைத்துவிட்டு நகத்தால் வருடுங்கள். பிறகு நாணயத்தால் அந்த இடத்தையும், அதே குழாயில் பக்கத்து இடத்தையும் மெல்லத் தட்டுங்கள். ஓசை கணீரென்று இல்லாமல் மந்தமாக மாறினால் ஓட்டாதீர்கள். ஓசை மாறாவிட்டாலும் சந்தேகம் தீராதென்றால், கார்பன் வேலை தெரிந்தவரிடம் காட்டும்வரை உடுமலை இறக்கத்துக்கு அந்தச் சைக்கிளை எடுக்க வேண்டாம்.