சோற்றை விட்டுக் கூழுக்கு மாறியும் சுகர் இறங்கவில்லையே?

போன ஞாயிறு தண்டையார்பேட்டையில் எங்கள் குடியிருப்பில் சுகர் டெஸ்ட் எடுத்தார்கள். ரிப்போர்ட்டும் கையுமாக ஆளாளுக்கு என்னைக் கேட்டதற்கு (டயட்டீஷியன் வேலை பார்ப்பதால் மாடிப்படியில்கூட விடமாட்டார்கள்) பதில்கள் இதோ.

பி பிளாக் அண்ணன்: வெறும் வயிற்றில் 112. எனக்கு சுகர் இருக்கா, இல்லையா?

இன்னும் இல்லை அண்ணே, வாசல்படியில் நிற்கிறீர்கள். 100 முதல் 125 வரை அப்படித்தான் கணக்கு; மூன்று மாதச் சராசரி (ரிப்போர்ட்டில் HbA1c என்று இருக்கும்) என்றால் 5.7 முதல் 6.4 சதவீதம். இந்தக் கட்டத்தில் பலருக்கு இன்சுலின் குறைவாக இருக்காது, அதிகமாகவே சுரக்கும். ஆனால் தசையும் கல்லீரலும் அதன் பேச்சைக் கேட்காது, கேட்கவில்லையே என்று கணையம் இன்னும் அள்ளி அனுப்பும், வருடக்கணக்கில் அப்படி உழைத்து அது ஓய்ந்துபோகும்போதுதான் சுகர் எகிறும். வயிற்றிலும் கல்லீரலிலும் சேரும் கொழுப்பு இதற்குப் பெரிய காரணம். டேப் எடுத்து இடுப்பைச் சுற்றி அளந்து பாருங்கள், நம் ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80-ஐத் தாண்டக் கூடாது. அப்புறம், அழுக்கு என்று நினைத்து நார் போட்டுத் தேய்க்கிறீர்களே, அந்தப் பின்கழுத்துக் கறுப்பு, அதுவும் பெரும்பாலும் இதன் அடையாளம்தான். சோப்புக்குப் போகாது.

காசிமேட்டில் மீன் விற்கும் அக்கா: அரிசியை விட்டுட்டு கேழ்வரகுக் கூழ்தான் குடிக்கிறேன். அப்பவும் ஏறுதே?

ஏறத்தான் செய்யும் அக்கா. நைசாக அரைத்துக் கொழகொழவென்று காய்ச்சிய கூழ் மளமளவென்று செரிக்கும், நீங்கள் காட்டிய சொம்போ ஒரு குடும்பத்துக்கே போதும். தானியத்தை மாற்றுவதைவிட அளவைக் குறைப்பதும் தட்டை மாற்றுவதும் முக்கியம் என்று நான் தொண்டை வறளச் சொல்கிறேன், யாரும் கேட்பதில்லை. கூடை கூடையாக மீன் விற்றுவிட்டு வீட்டில் குன்று மாதிரி சோறும் ஒரே ஒரு துண்டு மீனும் வைத்துக்கொண்டால் எப்படி? முதலில் கீரையோ பொரியலோ, அதோடு மத்தியோ நெத்திலியோ குழம்பு மீனாக நாலைந்து சாப்பிடுங்கள், சோற்றைக் கடைசியில் ஒரு கரண்டி. அந்த வரிசையில் சாப்பிட்டாலே சாப்பாட்டுக்குப் பின் ஏறும் சுகர் குறையும்.

துறைமுகத்தில் நைட் ஷிப்ட் பார்க்கும் தம்பி: நடுராத்திரி பரோட்டா, ஆறு டீ. வயசு 29தான், பரவாயில்லையா?

பரவாயில்லை என்று சொல்ல ஆசைதான். டீக்கு இரண்டு ஸ்பூன் வைத்தால் பன்னிரண்டு ஸ்பூன், கிட்டத்தட்ட 50 கிராம் சர்க்கரை, டீயில் மட்டும். ராத்திரியில் இன்சுலினுக்கு உடம்பு மந்தமாகத்தான் பதில் சொல்லும், அந்த நேரத்தில் மைதாவும் சால்னாவும் போனால் பகலைவிட அதிகமாக ஏறும். வயிறு நிறையச் சாப்பிடுவதை ஷிப்டுக்கு முன்பே முடித்துவிடுங்கள், ராத்திரிக்கு சுண்டல், அவித்த முட்டை. டீ இரண்டு போதும்.

நாட்டுச் சர்க்கரை, பனைவெல்லம் போட்டுக்கலாமா?

பெயர்தான் வேறு. ரத்தத்தில் ஏறுவது ஏறும்.

பழைய சோறு நல்லதாமே?

ஆறிய சோற்றில் கொஞ்சம் மாவு சீக்கிரம் செரிக்காத வகையாக மாறும், அது உண்மை. கொஞ்சம்தான். அதை நம்பி இரண்டு கிண்ணம் சாப்பிடாதீர்கள்.

மூன்றாவது மாடி அம்மா: சோற்றைக் குறைச்சுட்டேன், மாத்திரையை நிறுத்திடட்டுமா?

வேண்டாம்மா. சாப்பாட்டைக் குறைத்தால் சில மாத்திரைகளுக்கு சுகர் தடாலென்று இறங்கி, வியர்த்துக் கொட்டி, கை நடுங்கும், அதனால் அளவை மாற்ற வேண்டியிருக்கலாம். ஆனால் மாற்ற வேண்டியது டாக்டர். சர்க்கரை நோய்க்கென்று தனிப் பிரிவை 1948-லேயே தொடங்கிய ஸ்டான்லி அரசு மருத்துவமனை பக்கத்திலேயே இருக்கிறது, சீட்டை எடுத்துக்கொண்டு போய்க் கேளுங்கள்.

அவருடைய பேரன்: அப்போ அத்தோ?

அத்தோவை, அதான் நம்ம பர்மா நூடுல்ஸை, தடை செய்தால் வடசென்னையில் நான் குடியிருக்க முடியாது. எப்போதாவது ஒருநாள் போ. வாழைத்தண்டு சூப்பை முதலில் குடி, முட்டை இரண்டு, நூடுல்ஸ் பாதித் தட்டு. முடித்ததும் பீச் ஸ்டேஷனில் ரயில் ஏறாமல் ராயபுரம் வரை நடந்து வந்து பஸ்ஸைப் பிடி.