அணைத்தாலும் அணையாத லேப்டாப்: நுகர்வோர் கேள்வி-பதில்

போன மாதம் லேப்டாப் ஆஃப் ஆகவில்லை என்று எழுதிய ஒரு வாசகருக்கு நாலு வரியில் பதில் போட்டேன். அதற்கப்புறம் வந்த கடிதங்களில் பாதி அதே புகார்தான். அதனால் இந்த முறை முழுக்க அதையே எடுத்துக்கொள்கிறேன். கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன். பெயர்களை எடுத்துவிட்டேன், ஊர் மட்டும் இருக்கிறது.

கேள்வி: லேப்டாப் வாங்கி எட்டு மாதம். ஷட்டவுன் கொடுத்தால் திரை கறுத்துவிடுகிறது, ஆனால் பவர் பட்டன் விளக்கு அணைவதில்லை, ஃபேன் ஓடுகிறது. காலையில் பார்த்தால் பேட்டரி காலி. சர்வீஸ் சென்டரில் "இது சாஃப்ட்வேர் பிரச்சினை, வாரண்டியில் வராது, ஃபார்மட் பண்ண 1,500 ரூபாய்" என்கிறார்கள். கொடுக்கலாமா? (கரூர்)

கொடுக்காதீர்கள். முதலில் வீட்டிலேயே சிலவற்றைப் பார்த்துவிடலாம், அரை மணி நேரம் போதும்.

ஷிஃப்ட் பட்டனை அழுத்திப் பிடித்துக்கொண்டே ஷட்டவுன் கொடுங்கள். அப்படிச் செய்யும்போது ஒழுங்காக அணைகிறது என்றால் பிரச்சினை ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்பில் இருக்கிறது. விண்டோஸ் 8 வந்த 2012-லிருந்து ஷட்டவுன் என்பது முழு ஷட்டவுன் இல்லை. அடுத்த முறை சீக்கிரம் திறக்க வேண்டும் என்பதற்காக இயங்குதளத்தின் உட்பகுதியை அப்படியே டிஸ்க்கில் எழுதி வைத்துவிட்டு அரைத்தூக்கத்தில் போகிறது. ஏதாவது ஒரு டிரைவர் (லேப்டாப்பின் பாகங்களை இயக்கும் சிறு மென்பொருள்) அந்தத் தூக்கத்துக்கு ஒத்துவராவிட்டால் திரை மட்டும் போய் மற்றதெல்லாம் ஓடிக்கொண்டிருக்கும். கண்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷன்ஸ் போய், பவர் பட்டன் என்ன செய்ய வேண்டும் என்ற இடத்தில், "சேஞ்ச் செட்டிங்ஸ் தட் ஆர் கரன்ட்லி அன்அவெய்லபிள்" என்ற வரியைத் தொட்டால் கீழே ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் டிக் தெரியும். எடுத்துவிடுங்கள். லேப்டாப் திறக்கச் சில விநாடி கூடுதலாகும், அவ்வளவுதான்.

அதற்கும் மசியவில்லை என்றால் யூ.எஸ்.பி.யில் செருகியிருக்கும் எல்லாவற்றையும், அந்தச் சின்ன மவுஸ் ரிசீவர் உட்பட, பிடுங்கிவிட்டு ஷட்டவுன் கொடுத்துப் பாருங்கள். அப்புறம் கம்பெனி இணையதளத்தில் உங்கள் மாடல் எண்ணைப் போட்டு சிப்செட் டிரைவர், இன்டெல் மேனேஜ்மென்ட் என்ஜின் டிரைவர், பயாஸ் (விண்டோஸுக்கு முன்னால் ஓடும், மதர்போர்டிலேயே இருக்கும் மென்பொருள்) மூன்றையும் புதுப்பியுங்கள். 2015-ல் விண்டோஸ் 10 வந்தபோது அந்த மேனேஜ்மென்ட் என்ஜின் டிரைவரால்தான் பலருக்கு இதே மாதிரி விளக்கும் ஃபேனும் நிற்காமல் ஓடின. பயாஸ் ஏற்றும்போது மட்டும் சார்ஜர் செருகியிருக்கட்டும், பாதியில் கரண்ட் போனால் பெரிய செலவு.

கடைசியாக ஒன்று, இதுதான் உங்களுக்கு முக்கியம். ஒரு பென்டிரைவில் உபுண்டுவை (விண்டோஸ் மாதிரியே இன்னொரு இயங்குதளம், இலவசம்) ஏற்றி, இன்ஸ்டால் செய்யாமல் அதிலிருந்தே லேப்டாப்பைத் திறந்து, அங்கே ஷட்டவுன் கொடுங்கள். பக்கத்து வீட்டு கல்லூரிப் பையனே செய்து தருவான். விண்டோஸே ஓடாத இடத்திலும் ஃபேன் நிற்கவில்லை என்றால் பழி விண்டோஸின் மேல் போக முடியாது. கோளாறு பெரும்பாலும் மதர்போர்டிலோ பயாஸிலோ இருக்கும். இரண்டும் கம்பெனியுடையவை. ஷட்டவுன் கொடுப்பதிலிருந்து இரண்டு நிமிடம், விளக்கு தெரிகிற மாதிரி, ஃபேன் சத்தம் கேட்கிற மாதிரி போனில் வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள்.

இனி இந்த "சாஃப்ட்வேர் பிரச்சினை" விஷயம். வருஷக்கணக்காக இந்த வார்த்தையைக் கேட்டுக் கேட்டு எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. மென்பொருளுக்குப் பொறுப்பில்லை என்று பல கம்பெனிகள் வாரண்டி அட்டையில் அச்சிட்டிருப்பது உண்மைதான். ஆனால் கோளாறு மென்பொருளில்தான் என்று யார் சொன்னது, எந்தச் சோதனை செய்து சொன்னார்கள்? கவுன்டரில் இருப்பவர் லேப்டாப்பைத் திறந்துகூடப் பார்க்காமல் வாயால் சொல்வது முடிவு ஆகாது. 2021-ல் எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். இதே கோளாறுதான். முதல் முறை கொடுத்தபோது ஜாப் ஷீட்டில் (பழுதுக்கு எடுக்கும்போது சர்வீஸ் சென்டர் எழுதும் தாள்) "ஓ.எஸ். ப்ராப்ளம்", அதாவது விண்டோஸ் கோளாறு, என்று எழுதினார்கள், நானும் படிக்காமல் கையெழுத்துப் போட்டேன். ஃபார்மட் செய்து கொடுத்தார்கள், நாலு நாளில் மறுபடி அதே ஃபேன் சத்தம். இரண்டாவது முறையும் அதே வார்த்தை, அதே ஃபார்மட். மூன்றாவது முறை போனபோதுதான் மதர்போர்டு என்றார்கள், அப்போது வாரண்டி முடிந்து ஒன்பது நாள். முதல் நாளிலிருந்தே இதே கோளாறு என்று நான் சொன்னதற்கு அவர்கள் அந்த இரண்டு ஜாப் ஷீட்டையும் எடுத்துக் காட்டினார்கள். அதில் என் புகார் ஒரு வரிகூட இல்லை, அவர்களுடைய முடிவுதான் இருந்தது. 14,000 ரூபாய் கட்டினேன்.

அதனால் ஜாப் ஷீட்டில் நீங்கள் கண்ணால் பார்த்தது மட்டும் இருக்க வேண்டும்: "ஷட்டவுன் கொடுத்த பிறகும் விளக்கும் ஃபேனும் ஓடுகின்றன, தினமும்." தேதி, சீரியல் எண், லேப்டாப்போடு என்னென்ன கொடுத்தீர்கள் என்பதும் இருக்க வேண்டும். வேறு மாதிரி எழுதினால் அந்த வரியை அடித்துவிட்டு மாற்றி எழுதச் சொல்லுங்கள், மாட்டேன் என்றால் கையெழுத்துக்குப் பக்கத்தில் நீங்களே எழுதி, படம் எடுத்துக்கொண்டு, அங்கே நின்றபடியே கம்பெனியின் இமெயிலுக்கு அனுப்புங்கள். வாரண்டி இருக்கும்போதே புகார் பதிவாகியிருப்பதுதான் பின்னால் உங்களைக் காப்பாற்றும். கொடுப்பதற்கு முன்னால் ஃபைல்களை வேறு டிஸ்க்கில் எடுத்து வையுங்கள். விண்டோஸ் 11 என்றால் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும் 48 இலக்க பிட்லாக்கர் (டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் வசதி) மீட்பு எண்ணையும் எழுதி வையுங்கள். டிஸ்க் அப்படிப் பூட்டியிருந்தால் மதர்போர்டு மாற்றிய பிறகு அதைக் கேட்கும், இல்லை என்றால் டிஸ்க்கில் இருப்பதெல்லாம் போனதுதான்.

இவ்வளவுக்குப் பிறகும் 1,500 கேட்டால் 1915-க்கு போன் செய்யுங்கள், அது தேசிய நுகர்வோர் உதவி எண். அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கம்பெனி எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் கரூரிலேயே வழக்குப் போடலாம், வக்கீல் கட்டாயமில்லை, ஐந்து லட்சம் ரூபாய் வரைக்குமான பொருளுக்குக் கட்டணமும் இல்லை. நுகர்வோர் வழக்குகளுக்கான அரசின் இ-ஜாக்ரிதி தளத்தில் வீட்டிலிருந்தே பதிவு செய்யலாம். இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும்.

கேள்வி: ஷட்டவுன் கொடுத்தால் ஒரு ஆப் தடுப்பதாகத் திரையில் வருகிறது. எந்த ஆப் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? (திருப்பூர்)

அந்தத் திரையிலேயே அதன் பெயர் இருக்கும், படியுங்கள். கணக்கு எழுதும் மென்பொருளாக இருந்தால் "ஷட்டவுன் எனிவே" கொடுக்கவே கூடாது. கேன்சல் செய்து, சேமித்து, அதை மூடிவிட்டு வாருங்கள்.

கேள்வி: "அப்டேட் அண்ட் ஷட்டவுன்" கொடுத்துவிட்டுப் படுத்தேன். காலையில் பார்த்தால் லாகின் திரையோடு ஓடிக்கொண்டிருக்கிறது. பல மாதமாக இப்படித்தான். நான் தப்பான பட்டனை அழுத்துகிறேன் என்று வீட்டில் சொல்கிறார்கள். (நாகர்கோவில்)

நீங்கள் சரியாகத்தான் அழுத்தியிருக்கிறீர்கள். அது மைக்ரோசாஃப்ட்டின் பிழை, பல வருஷமாக இருந்தது. ஷட்டவுன் கொடுத்தால் அப்டேட்டை ஏற்றிவிட்டு ரீஸ்டார்ட் ஆகி நின்றுவிடும். 2025 அக்டோபர் கடைசியில் விண்டோஸ் 11-க்கு வந்த அப்டேட்டில்தான் சரிசெய்ததாகச் சொன்னார்கள். அதை ஏற்றிக்கொள்ளுங்கள். வீட்டில் இந்தப் பதிலைக் காட்டுங்கள்.

கேள்வி: தெரிந்தவர் மூலம் ஒரு செகண்ட் ஹேண்ட் லேப்டாப் 14,000 ரூபாய்க்கு வாங்கினேன். பில் போட்டால் ஜி.எஸ்.டி. சேரும் என்றார், அதனால் வேண்டாம் என்றேன். ரொக்கமாகக் கொடுத்தேன். பவர் பட்டனை நீண்ட நேரம் அழுத்தினால் மட்டும்தான் ஆஃப் ஆகிறது. விற்றவர் இப்போது போனை எடுப்பதில்லை. யார் மேல் வழக்குப் போடலாம்? (சேலம்)

யார் மேல் என்பதை நீங்கள்தான் எனக்குச் சொல்ல வேண்டும் தம்பி. பில் இல்லை, சீரியல் எண் எழுதிய தாள் இல்லை, பணம் ரொக்கம், விற்றவரின் கடைப் பெயர்கூடக் கடிதத்தில் இல்லை. லேப்டாப்புக்கு வரி 18 சதவீதம், அதை மிச்சம் பிடிக்கப் போய் 14,000-க்கும் பிடிமானம் இல்லாமல் நிற்கிறீர்கள். இதே கடிதம் மாதம் நாலு வருகிறது. வாங்கும் முன்பு எழுதினால் எவ்வளவு நன்றாக இருக்கும்.

சரி, இப்போது செய்யக்கூடியது: அவரோடு பேசிய வாட்ஸ்அப் செய்திகளை அழிக்காமல் வையுங்கள், விலையும் மாடலும் அதில் இருந்தால் அதுவும் ஆதாரம்தான். அவருக்குக் கடை இருந்தால் முகவரியைக் கண்டுபிடித்துப் பதிவுத்தபாலில் எழுதுங்கள். கடைக்காரர் பில் தராமல் விற்பதையே சட்டம் முறையற்ற வணிகம் என்கிறது. கடை இல்லாத தனி ஆள் என்றால் நுகர்வோர் ஆணையத்தில் நிற்பது கஷ்டம்.

பழைய லேப்டாப்பே கூடாது என்று நான் சொல்லவில்லை. நானும் 2018-ல் கம்பெனி ஒன்று கழித்துவிட்ட லேப்டாப்பை 19,000-க்கு வாங்கினேன். கடைக்காரர் விசிட்டிங் கார்டின் பின்பக்கம் "ஆறு மாதம் வாரண்டி" என்று பேனாவால் எழுதித் தந்தார், அதைப் பத்திரமாகப் பர்ஸில் வைத்திருந்தேன். மூன்றாம் மாதம் போனபோது அந்த இடத்தில் மொபைல் கவர் கடை இருந்தது. அன்றிலிருந்து பழையது வாங்கும்போது கடையிலேயே நின்று மூன்று தடவை ஷட்டவுன் செய்து திறந்து பார்க்கிறேன், கமாண்ட் பிராம்ப்டில் powercfg /batteryreport என்று தட்டி பேட்டரி ரிப்போர்ட் எடுத்து, பேட்டரி புதிதாக இருந்தபோது எவ்வளவு பிடித்தது, இப்போது எவ்வளவு பிடிக்கிறது என்று இரண்டு எண்ணையும் ஒப்பிடுகிறேன். பத்து நிமிடம் ஆகும். கடைக்காரர் முகம் சுளித்தால் அடுத்த கடைக்குப் போகலாம்.

கேள்வி: வாங்கி 12 நாள்தான். முதல் நாளிலிருந்தே ஷட்டவுன் கொடுத்தால் ரீஸ்டார்ட் ஆகிறது. கடையில் "விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது" என்று பில்லில் அச்சடித்திருப்பதைக் காட்டுகிறார்கள். (விருதுநகர்)

அந்த வரியைப் பார்த்துப் பின்வாங்காதீர்கள். பழுதான பொருளைத் திரும்ப எடுத்துக்கொண்டு பணம் தர மறுப்பது 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம். பில்லில் கெடு எதுவும் போடவில்லை என்றால் 30 நாள் என்று சட்டம் சொல்கிறது. உங்களுக்கு இன்னும் 18 நாள் இருக்கிறது. இன்றே வீடியோவோடு கடைக்கும் கம்பெனிக்கும் இமெயில் அனுப்புங்கள். "சர்வீஸ் சென்டருக்குப் போங்கள்" என்று கடை சொன்னால் போங்கள், ஆனால் கடைக்கு அனுப்பிய புகார் தேதியோடு கையில் இருக்கட்டும்.

கேள்வி: எனக்கு வயது 67. இணையத்தில் செய்தி படித்துக்கொண்டிருந்தபோது திரை முழுக்கச் சிவப்பாக வந்து, வைரஸ் இருக்கிறது, கம்ப்யூட்டரை அணைக்காதீர்கள் என்று ஒரு பெண் குரல் கத்தியது. மூட முடியவில்லை, ஷட்டவுன் மெனுவுக்கும் போக முடியவில்லை. அதிலிருந்த எண்ணுக்குப் பேசினேன். ஏதோ ஆப் ஏற்றச் சொன்னார்கள். 48,000 ரூபாய் போய்விட்டது. பிள்ளைகளிடம் இன்னும் சொல்லவில்லை. (கும்பகோணம்)

ஐயா, முதலில் பிள்ளைகளிடம் சொல்லுங்கள். உங்கள் மேல் ஒரு தப்பும் இல்லை. அந்தத் திரையைச் செய்தவர்களுக்கு மனிதர் எப்போது பதறுவார் என்பது நன்றாகத் தெரியும். அந்தக் குரல், சிவப்பு நிறம், அணைக்காதே என்ற மிரட்டல் எல்லாமே யோசிக்க விடாமல் செய்வதற்குத்தான். படித்தவர்கள், வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள்கூட எனக்கு இதே மாதிரி எழுதியிருக்கிறார்கள்.

இந்தக் கடிதம் கிடைத்த அன்றே உங்களுக்குத் தனியாகப் பதில் போட்டுவிட்டேன், மற்றவர்களுக்காக இங்கே மறுபடி எழுதுகிறேன். உடனே 1930-ஐ அழைக்க வேண்டும், அது சைபர் மோசடிக்கான எண். பணம் அடுத்தடுத்த கணக்குக்குப் போவதற்குள் சொன்னால் நிறுத்தி வைக்க வாய்ப்பு உண்டு, அதனால் ஒவ்வொரு மணி நேரமும் முக்கியம். அதோடு வங்கிக்கும் சொல்லி, புகார் எண் வாங்கிக்கொள்ளுங்கள். நாம் புகார் கொடுத்த பிறகு போகும் பணத்துக்கு வங்கிதான் பொறுப்பு என்று ரிசர்வ் வங்கி 2017-லேயே விதி போட்டிருக்கிறது. லேப்டாப்பை வைஃபையிலிருந்து துண்டித்து அந்த ஆப்பை நீக்குங்கள். பாஸ்வேர்டுகளை வேறு போனிலிருந்து மாற்றுங்கள்.

அந்தத் திரை வைரஸே இல்லை, பிரௌசரில் முழுத்திரையாக விரித்த ஒரு வலைப்பக்கம், அவ்வளவுதான். எஸ்கேப் பட்டனை அழுத்திப் பிடித்தால் சுருங்கும். இல்லை என்றால் ஆல்ட்டும் எஃப்4-ம் சேர்த்து அழுத்துங்கள். ஒன்றும் நடக்கவில்லையா, பவர் பட்டனைப் பத்து விநாடி அழுத்தி அணைத்துவிடுங்கள். அணைக்காதே என்று திரையில் ஒரு குரல் மிரட்டினால் தயங்காமல் அணைக்க வேண்டும். மறுபடி திறக்கும்போது பழைய பக்கங்களைத் திறக்கவா என்று பிரௌசர் கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள்.

கேள்வி: தினமும் பவர் பட்டனை அழுத்திப் பிடித்தே ஆஃப் செய்கிறேன். பரவாயில்லையா? (ஈரோடு)

இல்லை. என்றோ ஒருநாள் அவசரத்துக்குத்தான் அது. தினமும் செய்தால் ஃபைல் கெட வாய்ப்பு உண்டு.

கேள்வி: ஷட்டவுனே செய்யாமல் மூடியை மூடிப் பைக்குள் வைத்துக்கொண்டு ஆபீஸ் போகிறேன். எடுக்கும்போது கொதிக்கிறது. (சென்னை)

இப்போது வரும் பல லேப்டாப்புகளில் பழைய மாதிரி ஆழ்ந்த ஸ்லீப் இல்லை. மூடியை மூடினாலும் போன் மாதிரி உள்ளே விழித்திருந்து அப்டேட் இறக்கும். மேசையில் இருந்தால் கெடுதல் இல்லை. பைக்குள் போகிறது என்றால் ஷட்டவுன் அல்லது ஹைபர்னேட் (திறந்திருப்பதை டிஸ்க்கில் எழுதி வைத்துவிட்டு அணைவது) செய்யுங்கள்.

கேள்வி: ஆஃப் ஆகாமல் இரவு முழுக்கச் சூடாகவே இருந்த லேப்டாப்பில் இப்போது டச்பேட் மேலே தூக்கிக்கொண்டு நிற்கிறது, மூடி சரியாக மூடவில்லை. இன்னும் ஆறு மாதம் ஓடும் என்கிறார் கடைக்காரர். (தூத்துக்குடி)

பேட்டரி உப்பியிருக்கிறது. சார்ஜரை இப்போதே பிடுங்குங்கள், ஷட்டவுன் ஆகாவிட்டால் பவர் பட்டனை அழுத்தி அணையுங்கள், இனி திறக்காதீர்கள். மூடியை அழுத்தி மூடப் பார்க்க வேண்டாம், ஊசியோ ஸ்க்ரூ டிரைவரோ பேட்டரியில் படவே கூடாது. கட்டில், மெத்தைப் பக்கம் இல்லாமல் சிமென்ட் தரையில் வைத்து, கம்பெனி சர்வீஸ் சென்டரில் சொல்லி அவர்களையே பேட்டரியைக் கழற்றச் சொல்லுங்கள். கழற்றியதைக் குப்பைத் தொட்டியில் போடாமல் அவர்களிடமே விட்டுவிடுங்கள். அந்தக் கடைக்காரரிடம் புது பேட்டரி வாங்காதீர்கள்.