புகையிலையில் பிழைத்த ஊர்

கேள்வி: அமெரிக்காவில் ஆங்கிலேயர் நிலைத்த முதல் ஊரான ஜேம்ஸ்டவுனை ஆண்டது அரசரா, கம்பெனியா? (வாசகி, கரூர்)

பதில்: 1624 வரை கம்பெனிதான், அரச சாசனத்தோடு. 1606 கடைசியில் லண்டன் வர்ஜீனியா கம்பெனி பங்கு விற்ற பணத்தில் ஆள் அனுப்பியது; அவர்கள் 1607-இல் வந்து சேர்ந்தார்கள். வந்தவர்களில் பலர் உழைத்துப் பழகாத கனவான்கள். விதைப்பதை விட்டுத் தங்கம் தேடினார்கள். 1609 குளிர்காலப் பஞ்சத்தில் குதிரை, நாய், எலி வரை தின்றும் பெரும்பாலோர் மாண்டார்கள். காப்பாற்றியது புகையிலை. 1612 வாக்கில் அங்கே குடியேறிய ஜான் ரால்ஃப் என்பவர் கரீபியன் விதையைப் போட்டார். அப்புறம் தெருவில்கூட நட்டார்களாம்!

1619-இல் சட்டசபை கூடியது. அதே ஆண்டு ஆப்பிரிக்கர்களையும் விலைக்கு வாங்கினார்கள். பெருமை பேசுபவர்கள் இதை மெல்ல விழுங்கிவிடுவார்கள். பங்குதாரர்களுக்கா? லாபப் பணத்துக்குப் பதில் நிலம் கொடுத்தார்கள்.