படுக்கையறை இரவிலும் கொதிக்கிறதா? ஏசி வாங்குமுன் மொட்டை மாடிக்கு ஏறுங்கள்

கேள்வி: திருச்சியில் 2004-ல் கட்டிய தனி வீடு எங்களுடையது. தரைத்தளம் மட்டும், 750 சதுர அடி. மேற்கு ஓரத்துப் படுக்கையறையில் இரவு 11 மணிக்கும் ஃபேன் அனலைத்தான் இறைக்கிறது. அங்கே படுக்கும் என் மாமியாருக்கு 74 வயது, தூக்கமே இல்லை. ஏசிக்காக 45,000 ரூபாய் எடுத்து வைத்திருக்கிறோம். அதே அறையின் மேற்குச் சுவரில் ஓதம் ஏறி பெயிண்ட் பொரிந்து உதிர்கிறது. அடுத்த வருடம் மகனுக்காக மாடியில் ஒரு அறை எடுக்கவும் யோசனை. செலவும் கரண்ட் பில்லும் கை மீறாமல் எதை முதலில் செய்வது?

பதில்: முதல் வேலை பணம் சம்பந்தப்பட்டது அல்ல. இன்றிரவே மாமியாரின் கட்டிலைக் கூடத்துக்கோ கிழக்குப் பக்க அறைக்கோ மாற்றுங்கள். வயதானவர்களுக்கு வியர்ப்பதும் தாகம் எடுப்பதும் குறைந்துவிடும். பகல் சூட்டை உடம்பு இரவில்தான் ஆற்றிக்கொள்ள வேண்டும், அதற்கும் வழியில்லாமல் போனால் ஆபத்து. வீட்டு வேலை முடியும்வரை அந்த அறையில் அவர் படுக்க வேண்டாம்.

அடுத்து ஒரு சின்னச் சோதனை. இரவு 10 மணிக்கு ஃபேனை நிறுத்திவிட்டு, மகனை ஸ்டூலில் ஏறி உள்கூரையில் உள்ளங்கையை வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். பிறகு வடக்குச் சுவரில் வைக்கட்டும். கூரை சுடும், சுவர் அந்த அளவுக்குச் சுடாது. ஐந்து அங்குலக் கான்கிரீட் தளம் பகல் முழுக்க வெயிலைக் குடித்துவிட்டு, சாயங்காலம் தொடங்கி நடுராத்திரி தாண்டியும் அந்தச் சூட்டைக் கீழே இறக்கிக்கொண்டே இருக்கிறது. கூரையை ஒட்டி நிற்கும் அந்தச் சூடான காற்றைத்தான் ஃபேன் கட்டில்மேல் தள்ளுகிறது. இந்த நிலையில் ஏசி போட்டால் அது இரவெல்லாம் உங்கள் தளத்தோடுதான் மல்லுக்கட்டும், பில் நீங்கள் கட்டுவீர்கள்.

அதனால் மொட்டை மாடிக்கு ஏறிப் பாருங்கள். தளத்தின்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டுத் தட்டோடு பதித்திருக்கிறார்களா, அல்லது வெறும் சிமென்ட் பூச்சுதானா? அந்தக் காலத்தில் செங்கல் ஜல்லிச் சுண்ணாம்பை விரித்து, கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரைத் தெளித்து, மரக்கட்டையால் நாள்கணக்கில் தட்டுவார்கள். சூட்டையும் மழையையும் ஒருசேரத் தடுத்த வேலை அது. நேரம் பிடிக்கிறது என்று பல வீடுகளில் அதைக் கைவிட்டுவிட்டோம், அதில் எனக்கு இன்றும் வருத்தம்தான். உங்கள் வீட்டில் அது இருந்தால் பெயர்க்க விடாதீர்கள். ஓடுகளின் இடுக்கு மட்டும் விட்டிருந்தால் சுரண்டிப் பூசினால் போதும்.

வெறும் சிமென்ட் பூச்சுதான் என்றால் அதன்மேல் வெள்ளை அடிக்க வேண்டும், எப்படி என்று பிறகு சொல்கிறேன். அதற்குமுன் ஓதத்தைச் சரிசெய்தாக வேண்டும். உதிர்ந்த இடத்தைச் சுரண்டித் துடைத்து, ஒரு அடிக்கு ஒரு அடி பாலித்தீன் தாளை நாலு ஓரமும் டேப் ஒட்டி இரண்டு நாள் விடுங்கள். தாளின் உள்பக்கம், அதாவது சுவரைப் பார்த்த பக்கம், நீர் முத்து கோத்திருந்தால் ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது. அறையைப் பார்த்த பக்கம் நனைந்திருந்தால் காற்றோட்டம் போதவில்லை. ஈரம் எந்த உயரத்தில் இருக்கிறது என்பதையும் பாருங்கள். தரையிலிருந்து இடுப்பளவு வரை மட்டும் என்றால் அஸ்திவாரத்திலிருந்து ஏறுகிறது. கூரையை ஒட்டி இருந்தால் கைப்பிடிச் சுவரும் தளமும் சேரும் மூலையில் விரிசல் இருக்கும், அல்லது வாட்டம் சரியில்லாமல் அங்கே தண்ணீர் தேங்கும். நடுவில் என்றால் சன்ஷேட் சுவரோடு சேரும் மேல் இடுக்கையும், சுவருக்கு அந்தப் பக்கம் போகும் குழாயையும் சந்தேகப்படுங்கள்.

காரணத்தைத் தீர்க்காமல் பட்டி வைத்து பிளாஸ்டிக் எமல்ஷன் அடிக்க மட்டும் சம்மதிக்காதீர்கள். அந்தப் பெயிண்ட் ஈரத்தை உள்ளேயே பூட்டிவைக்கும், ஒரே மழையில் மறுபடி பொரியும். ஈரச் சுவரில் பூஞ்சை பிடிக்கும், மூச்சிழுப்பு உள்ளவர்களுக்கு அது ஆகவே ஆகாது. விரிசலை அடைத்து, சுவரை நன்றாகக் காயவிட்டு, உள்ளே சுண்ணாம்பு அடியுங்கள். சுண்ணாம்புப் பூச்சு ஈரத்தை வெளியே விடும்.

அப்புறம் மாடி. கூலிங் டைல்ஸ் பதிக்கச் சொல்லி யாராவது வருவார்கள். நல்ல சரக்குதான். ஆனால் அடுத்த வருடம் அங்கே அறை எடுக்கும் எண்ணம் இருக்கிறதே? அந்த இடத்தில் டைல்ஸ் போட்டால் பணம் வீண். இந்த வருடத்துக்குச் சுண்ணாம்பே போதும். நீற்றிய சுண்ணாம்பைச் சலித்து, கொஞ்சம் வெள்ளை சிமென்ட்டும் பசையும் கலந்து, பாசியும் தூசியும் போகக் கழுவிய தளத்தில் குறுக்கும் நெடுக்குமாக இரண்டு, மூன்று கோட் அடிக்கச் சொல்லுங்கள். மாசி, பங்குனிக்குள் முடித்துவிட்டால் கோடைக்கு உதவும். புதிய வெள்ளைப் பரப்பு வெயிலில் 70 சதவீதத்துக்கும் மேல் திருப்பி அனுப்பிவிடும், பழைய கறுத்த சிமென்ட் தளம் பெரும்பகுதியை உறிஞ்சிவிடும். அறைக்குள் 2 முதல் 4 டிகிரி வரை குறைவதை நீங்களே பார்க்கலாம். சுண்ணாம்பு மழையில் கரையும், வருடா வருடம் அடிக்க வேண்டும். ஆனாலும் ஏசிக்கு வைத்த பணத்தில் சிறு பங்குதான் ஆகும். இப்படி வெயிலைத் திருப்பி அனுப்பும் ‘குளிர்கூரை’க்கென்று தெலங்கானா அரசு 2023-ல் தனிக் கொள்கையே கொண்டுவந்தது.

மேற்கு ஜன்னலுக்கு மூங்கில் தட்டியை வெளிப்பக்கம் கட்டுங்கள். உள்ளே திரை போட்டால் வெயில் கண்ணாடியைத் தாண்டி அறைக்குள் வந்துவிட்ட பிறகுதான் தடுக்கிறீர்கள். காலை 10 மணிக்கு ஜன்னல்களை மூடி, வெளிக்காற்று குளிர்ந்ததும் எதிரெதிர் ஜன்னல்களைத் திறந்துவிடுங்கள். கொசுவலை அடித்திருந்தால் இரவு முழுக்கத் திறந்து வைக்கலாம். வெண்டிலேட்டரில் அட்டை வைத்து அடைத்திருந்தால் முதலில் அதை எடுங்கள்.

ஃபேன் பழசா? 75 வாட் ஃபேன் ஒரு நாளில் 15 மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட்டுக்கு மேல் போகும். கரண்டைக் குறைவாக இழுக்கும் புதுவகை மோட்டார் கொண்ட 30 வாட் பி.எல்.டி.சி. ஃபேன் அதே நேரத்துக்கு அரை யூனிட்டைத் தொடாது. மூன்று ஃபேன் மாற்றினால் இரண்டு மாதக் கணக்கில் சுமார் 120 யூனிட் மிச்சம்.

மாடி அறைக்கு வருகிறேன். அதை அந்தப் படுக்கையறைக்கு நேர் மேலேயே எடுங்கள். கீழ்த் தளத்துக்கு அதுவே நிரந்தர நிழல். ஆனால் அஸ்திவாரமும் தூண்களும் தாங்குமா என்று ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் ஒருவர் பார்த்துச் சொல்லாமல் ஒரு கல்கூட ஏற்ற வேண்டாம். மேஸ்திரியின் அனுபவம் பெரிதுதான், இந்தக் கணக்கு வேறு. எடை இடித்தால் ஏ.ஏ.சி. பிளாக் பாருங்கள், உள்ளே காற்றுக் குமிழ்கள் நிறைந்த சிமென்ட் கல் அது, செங்கல்லைவிட மிகவும் லேசு, சூட்டையும் தடுக்கும். தாங்கும் என்றால் கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் கேரளத்தில் பரப்பிய ‘எலிப்பொறிக் கட்டு’ எனக்குப் பிடித்த வழி. செங்கல்லைப் படுக்கவைக்காமல் பக்கவாட்டில் நிறுத்தி, நடுவே வெற்றிடம் விட்டுக் கட்டுவது. ஒன்பது அங்குலச் சுவருக்கு ஏறத்தாழ கால்வாசிச் செங்கல் குறையும், கலவையும் குறையும், உள்ளே நிற்கும் காற்று சூட்டை மறிக்கும். கல் ஒரே அளவில் இருக்க வேண்டும், கட்டிப் பழகிய கொத்தனாரும் வேண்டும். பழகாதவர் என்றால் முதலில் கைப்பிடிச் சுவரில் கட்டிக் காட்டச் சொல்லுங்கள்.

செலவு குறையும் என்று ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் போட யாராவது சொன்னால் கண்டிப்பாக மறுத்துவிடுங்கள். வெட்டும்போதும் துளைபோடும்போதும் பறக்கும் நார் நுரையீரலைக் கெடுக்கும், பகலில் அந்த அறையில் உட்காரவும் முடியாது.

சோலார் வேண்டுமானால் அறை எழுந்த பிறகு வையுங்கள், நிழல் எங்கே விழுகிறது என்று அப்போதுதான் தெரியும். வீட்டுக்கூரை சோலாருக்கான மத்திய அரசின் பி.எம். சூர்ய கர் திட்டத்தில் 2 கிலோவாட்டுக்கு 60,000, 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம். 2026-27 நிதியாண்டு வரைதான் என்று அறிவித்த திட்டம் என்பதால் அறையைத் தள்ளிப்போடாதீர்கள்.

ஓதம், வெள்ளை, தட்டி வேலைகள் முடிந்து ஒரு வாரம், படுக்கையறையில் வெப்பமானி ஒன்றை மாட்டி தினமும் இரவு 10 மணிக்குக் குறித்துவையுங்கள். சுண்ணாம்பு அடிக்குமுன்னும் ஒரு வாரம் இதேபோல் குறித்துவைத்து, அதோடு ஒப்பிடுங்கள். அக்னி நட்சத்திரத்தில் மாமியாருக்கு அப்போதும் தாங்கவில்லை என்றால் தயங்காமல் ஏசி போடுங்கள். கடைக்காரர் ஒன்றரை டன் என்பார், குளிர்ந்த கூரையின் கீழ் சிறிய படுக்கையறைக்கு ஒரு டன் போதும். 26 டிகிரியில் வைத்து, கூடவே ஃபேனையும் மெதுவாக ஓடவிடுங்கள்.